அடைக்கு எடுத்து வைத்த முட்டை

1

சேர்த்து வைக்கப்பட்ட பொருள்களை வைத்துக்கொண்டுதான் சரித்திரம் எழுதப்படுகிறது. 1898-ல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் மண்ணுக்குள்ளிருந்து 501 ரோமானியப் பொற்காசுகள் வெளியே வந்தன. அகஸ்டஸில் தொடங்கி வெஸ்பாஸியன் வரை சக்கரவர்த்திகளின் தலைகள். பெரும்பாலானவற்றில் அந்தத் தலைகளின் குறுக்கே உளியால் போட்ட ஒரு வெட்டு. வெட்டியவன் யார், எதற்காக வெட்டினான் என்று நாணயங்களை ஆராய்கிறவர்கள் அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். புதைத்தவன் திரும்பி வரவில்லை என்பதால் நமக்கு ஒரு சரித்திரம் கிடைத்தது. அவன் வந்து எடுத்துச் செலவழித்திருந்தால் கருக்காக்குறிச்சி என்ற பெயர் இந்தப் பக்கங்களில் வர நியாயமில்லை.

அதே சீமையில், அதே மண்ணைச் சட்டியில் அள்ளி, அதில் வேறொரு பொருளைப் பெண்கள் புதைத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். கோழி முட்டை. இந்தச் சேமிப்புக்குத் தடயம் கிடையாது. பலித்தால் முட்டை குஞ்சாகி நடந்து போய்விடும். ஓடு குப்பைமேட்டில் நொறுங்கி மண்ணோடு சேரும். பலிக்காவிட்டால் நாற்றமெடுத்து அதே குப்பைமேட்டுக்குப் போகும். இரண்டு வழியிலும் அருங்காட்சியகத்துக்கு எதுவும் மிச்சமாவதில்லை. 1910-ல் ஏற்பட்ட புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் நாணயம், ஆயுதம், செப்புத் திருமேனி எல்லாம் இருக்கலாம். முட்டை வைத்த மணல்சட்டியை அங்கே எதிர்பார்க்க முடியாது. வேறு சட்டியிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல அதனிடம் ஓர் அடையாளமும் இல்லை.

சேவலுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. புதுக்கோட்டையிலிருந்து வடக்கே ஒரு நாள் நடையில் எட்டிவிடக்கூடிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பழைய பெயர். யானையை ஒரு கோழி எதிர்த்து வென்ற கதையை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் சண்டைக்கோழி ஒன்றுக்கு வட்டெழுத்தோடு நடுகல்லே எடுத்திருக்கிறார்கள். விராலிமலையில் ஏறி நின்றால் முருகன் கொடியில் சேவல். சண்டை போட்டது, செத்தது, ஜெயித்தது எல்லாம் கல்லில் ஏறிவிட்டன. இருபத்தோரு நாள் இரையையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்த பெட்டைக்கு ஒரு கல்லும் இல்லை. நம் சரித்திரப் பிரக்ஞை எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதற்கு இதைவிட ஸ்தூலமான சாட்சி வேண்டாம்.

ஆகவே கல்லில் ஏறாத ஒரு காரியத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் முட்டையை எப்படி வைத்திருந்தார்கள்? கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு வீடு எதை எடுத்து வைக்கிறது, யாருக்குத் தராமல் எடுத்து வைக்கிறது என்பது அந்த வீட்டின் ஆட்சிமுறை. அரண்மனையின் ஆட்சிமுறைக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறோமோ, அதில் கொஞ்சம் இதற்கும் தரலாம்.

2

ஏரிப் பாசனமும் வானம் பார்த்த பூமியுமாகக் கிடக்கும் பிரதேசம் இது. வருஷத்தில் ஒரு போகம் கண்டால் அதை அடுத்த வருஷம் வரை நீட்ட வேண்டும். எனவே வீடு என்பதே பெரும்பாலும் சேமிப்புக்கான ஏற்பாடாக இருந்தது. நெல்லுக்குக் குதிர், வசதியுள்ளவர்களுக்கு மரப் பத்தாயம். விதைநெல்லுக்கு வைக்கோல் பிரி சுற்றிய கோட்டை. புளிக்கும் உப்புக்கும் பானை. மோருக்கும் மீந்த குழம்புக்கும் உறி. பூனைக்கு எட்டாதது, எலிக்கு எட்டாதது, ஈரம் ஏறாதது, பிள்ளைகளுக்கு எட்டாதது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரமும் ஒரு மூலையும்.

முட்டைக்கான இடம் பல வீடுகளில் தண்ணீர்ப்பானை இருக்கும் மூலை. பானையின் அடியில் பரப்பியிருக்கும் மணல் எப்போதும் லேசாக நனைந்திருக்கும். அதில் பள்ளம் பறித்தோ, அதற்குப் பக்கத்தில் மணல் நிரப்பிய வாயகன்ற சட்டியிலோ முட்டைகளை வைப்பார்கள். சில வீடுகளில் அரிசிப்பானைக்குள். சில வீடுகளில் நெல்லுக்குள், உமிக்குள், தவிட்டுக்குள், கேழ்வரகுக்குள். கூரைக்குள் செருகிய கூடையில் பழந்துணி போட்டு வைப்பவர்களும் உண்டு. கோழி முட்டையிட்ட இடத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுப்பார்கள். ஒன்று கிடந்தால்தான் அது திரும்ப அங்கேயே வந்து இடும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வேலியோரம் தேடிப் போய்விடும். ஆக, சேமிப்பின் முதல் விதியே ஒன்றை எடுக்காமல் விடுவதுதான்.

ஒரு நாட்டுக்கோழி ஈடு ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். சில சமயம் பதினைந்து. அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்கும். பிறகு கொக்கரிப்பு மாறி, உடம்பு சுட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு அடைக்கோழி ஆகிவிடும். முதல் நாள் இட்ட முட்டை கடைசி நாள் முட்டைக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் பிரச்னை. ஏற்பாடு முழுவதும் இதற்காகத்தான். மணல்சட்டியில் கரியால் கோடு போட்டு எது முந்தியது எது பிந்தியது என்று அடையாளம் வைப்பார்கள். அடை வைக்கிற நாளில் பழைய முட்டைகள் சிலவற்றைக் கழித்துவிட்டுப் புதியவற்றை வைப்பார்கள். ஒரு குண்டான் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள்: படுத்து மூழ்கினால் புதிது, நுனி தூக்கி நின்றால் நாளாகிவிட்டது, மிதந்தால் ஆகாது. முட்டைக்குள்ளிருந்து ஈரம் வெளியேற, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகிறது, அதனால் மிதக்கிறது. அந்தக் காரணம் தெரியாமலே சோதனை சரியாக நடந்துகொண்டிருந்தது.

அடைக்கூடையில் மணலோ வைக்கோலோ பரப்பி முட்டைகளை அடுக்கும்போது கூடவே ஓர் இரும்புத் துண்டு, ஓர் அடுப்புக்கரி, சில வீடுகளில் ஒரு வரமிளகாய். இடிச் சத்தத்தில் கரு கலைந்துவிடும் என்ற பயம். இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. இருபத்தோராம் நாள் பொரிக்காமல் கிடப்பது கூமுட்டை. மூளை மழுங்கியவனை ஏசுவதற்கும் நமக்கு இதே சொல். பொரிக்காததையும் புரியாததையும் ஒரே வார்த்தையில் போட்ட பாஷை முட்டையை எந்தக் கண்ணால் பார்த்தது என்பது இதில் தெரிகிறது. முட்டை உணவு என்பது அந்தக் கண்ணுக்கு இரண்டாம் பட்சம். பொரிக்க வேண்டியது என்பதே அதன் இலக்கணம்.

இந்தக் கணக்கு முழுவதும் பெண்களுடையது. நெல் விற்ற பணம் ஆணின் மடியில். முட்டையும் கோழியும் விற்ற காசு பெண்ணின் சிறுவாடு. அரிசிப்பானைக்கு அடியில் காசும் மேலே முட்டையும் இருந்த வீடுகள் உண்டு. இரண்டும் ஒரே பானையில் இருந்ததற்கு இடநெருக்கடி மட்டும் காரணமல்ல. அந்தப் பானையில் கை விடுகிற உரிமை ஒருத்திக்கு மட்டும்தான் இருந்தது.

3

இப்போது கருக்காக்குறிச்சிக் காசுகளுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் காசுகளில் கடைசித் தலையான வெஸ்பாஸியன் கி.பி. 79-ல் இறந்தான். அதே வருஷம் வெஸூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர் பிளினி. இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று இயற்கை வரலாற்றில் எழுதிப் புலம்பிய அதே பிளினி. நம் வரலாற்றுப் பாடப்புத்தகங்களுக்கு அவரிடம் தெரிந்தது அந்த ஒரு வரிதான். மிளகும் முத்தும் போய்த் தங்கம் வந்தது என்ற பெருமைக்கு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் அதே புத்தகத்தில் பறவைகளைப் பற்றிய பகுதியில் பிளினி இன்னொன்றும் சொல்கிறார். அடைகாக்கும்போது இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும். முட்டைக்கு அடியில் பரப்பிய வைக்கோலுக்குள் ஓர் இரும்பு ஆணியை வைத்தால் அதற்குப் பரிகாரம். அல்லது ஏர்முனையில் ஒட்டிய மண். அவர் காலத்திலேயே வேளாண்மை பற்றி எழுதிய கொலுமெல்லாவும் கோழிக்கூட்டில் இரும்பாணி வைப்பதைச் சொல்கிறார். முட்டையை வெகுநாள் வைக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் பதரிலும் கோடையில் தவிட்டிலும் வைக்கச் சொல்கிறார். சிலர் பொடித்த உப்பில் சில மணி நேரம் புதைத்துக் கழுவி அதற்குப் பிறகு தவிட்டில் வைக்கிறார்கள் என்கிறார். அவருக்கு ஒரு நூற்றாண்டு முந்திய வர்ரோவிடமும் இதே உப்பும் தவிடும் உண்டு.

இதைப் படித்ததும் நம் ஆராய்ச்சியாளர்களில் ஒருவருக்குக் கை துறுதுறுக்கும். யவனர்கள் கப்பலில் கொண்டுவந்த நம்பிக்கை என்று ஒருவர் எழுதுவார்; தமிழன் ரோமாபுரிக்குக் கற்றுக்கொடுத்தது என்று இன்னொருவர் மேடையில் பேசுவார். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. இரண்டும் தேவையுமில்லை. இத்தாலியின் பண்ணைக்கும் வெள்ளாற்றங்கரைக்கும் பொதுவாக இருந்தவை மூன்று: கோழி, தானியம், மழைக்கால இடி. தானியத்தை உரித்த இடத்தில் உமியும் தவிடும் மிஞ்சும். மிஞ்சியதில் உடையக்கூடியதைப் பொதிந்து வைப்பது கை தானாகக் கண்டுபிடிக்கிற விஷயம். வேகாத வெயிலுக்குப் பிறகு புழுக்கமும் இடியுமாக வரும் நாள்களில் முட்டைகள் அதிகமாகக் கெட்டுப்போவதை இரண்டு இடத்துப் பெண்களும் பார்த்திருப்பார்கள். கெடுத்தது உஷ்ணம், பழி சத்தத்தின் மேல் விழுந்தது என்று நினைக்க இடமிருக்கிறது. இரும்பு அந்த அச்சத்துக்குப் பிடிமானம்.

கோழிக்கும் தானியத்துக்குமான உறவு இதையெல்லாம்விடப் பழையது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்கும் கிடைத்த கோழி எலும்புகளின் காலத்தைத் திரும்பக் கணக்கிட்டு, வீட்டுக்கோழியின் மிகப் பழைய தடயத்தை மத்திய தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில், கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடையில் வைக்கிறது. புன்செய் நெல்லும் தினையும் விதைத்துச் சேமித்த இடத்தில், அந்தத் தானியத்துக்காகக் காட்டுக்கோழி மரத்திலிருந்து இறங்கி வந்தது என்பது அதன் முடிவு. கோழியை மனிதன் பிடித்துவரவில்லை. மனிதனின் சேமிப்பு கோழியைக் கூப்பிட்டது. அப்படியானால் அரிசிப்பானைக்குள் முட்டையை வைத்தவள், தன்னையறியாமல், மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய ஓர் ஒப்பந்தத்தைத் தினமும் புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

4

வெவ்வேறு தேசத்தார் முட்டையை வைத்த விதங்களைப் பார்த்தால் காலத்தோடு மனிதன் நடத்திய பேரம் தெரிகிறது. பேரம் மூன்று வகை.

காலத்தை நிறுத்திவிடுவது ஒன்று. ஐரோப்பாவில் சுண்ணாம்புத் தண்ணீரில் முட்டையை மூழ்கடித்து வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சோடியம் சிலிகேட் கரைசல் வந்தது. நீர்க்கண்ணாடி என்று அதற்குப் பெயர். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் அடைபட, வசந்தகாலத்து முட்டை குளிர்காலம் வரை தாங்கும். இரண்டு உலக யுத்தங்களிலும் இங்கிலாந்தின் பல வீடுகளில் இந்த வாளி இருந்தது. 1941-ல் அங்கே முட்டைக்கு ரேஷன் வந்தபோது ஆளுக்கு வாரம் ஒன்று என்பதே கணக்கு. அதுவும் எப்போதும் கிடைத்ததில்லை. நிறுத்தப்பட்ட காலத்தின் விலை அப்போது தெரிந்தது.

காலத்தை வேறொன்றாக மாற்றிவிடுவது இரண்டாவது. சீனர்கள் வாத்து முட்டையைச் சாம்பல், சுண்ணாம்பு, உப்பு, தேயிலைச்சாறு சேர்த்த சேற்றில் பூசி, உமியில் உருட்டி, ஜாடியில் வைத்து வாரக்கணக்கில் மூடிவிடுகிறார்கள். திறக்கும்போது வெள்ளைக்கரு கறுத்த கண்ணாடிபோல் இறுகியும் மஞ்சள்கரு பச்சை கலந்த குழம்பாகவும் இருக்கிறது. கெட்டுப்போவது என்று நாம் சொல்வதை அவர்கள் ஒரு நிபந்தனைக்குள் கொண்டுவந்து ருசியாக்கிவிட்டார்கள். சீனத்திலும் பிலிப்பைன்ஸிலும் உப்பு முட்டை இந்த வகைதான்.

காலத்தை ஓடவிடுவது மூன்றாவது. புதுக்கோட்டை மணல்சட்டி இதைச் சேர்ந்தது. இங்கே முட்டையை வைப்பது அது முட்டையாகவே இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. முட்டையாக இல்லாமல் போவதற்கு உரிய நாள் வரும் வரையில்தான். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் வற்றலுக்கும் இத்தனை நுட்பம் வைத்திருக்கும் ஒரு சமையல், முட்டையைப் பதப்படுத்த ஒரு முறையும் வளர்த்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அறியாமை என்று இதைத் தள்ளுவதற்கில்லை. அந்தத் தேவை எழவில்லை. விதைநெல்லை யாரும் ஊறுகாய் போடுவதில்லை.

மணல்சட்டி செய்த வேலை லேசானதல்ல. சேவலோடு திரியும் கோழியின் முட்டையில் உயிரணு இடும்போதே வளரத் தொடங்கியிருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் உறங்கிவிடும். சுமார் 37, 38 டிகிரி செல்ஷியஸில் அது முழுதாக வளரும். இருபது டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் அசையாமல் கிடக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் ஆபத்து: அரைகுறையாக விழித்து, வளரவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் செத்துப்போகும். சித்திரை வைகாசியில் இந்தச் சீமையில் நிழலிலேயே அந்த நடுப்பகுதி உஷ்ணம்தான். தண்ணீர்ப்பானையின் மேனியில் கசிந்து ஆவியாகும் ஈரம் அந்த மூலையின் சூட்டைச் சில டிகிரி குறைக்கும்; நனைந்த மணல் முட்டையின் ஈரத்தை விரைவில் போகவிடாது. உறக்கத்தைக் கலைக்காமல் பத்து நாள் காப்பாற்றுவது என்ற, பொறிப்பகங்கள் இன்று குளிர்சாதன அறை கட்டிச் செய்கிற காரியத்தை, பிரிமணைக்குப் பக்கத்தில் ஒரு சட்டி முடிந்தவரை செய்துகொண்டிருந்தது.

5

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் கட்டுரை நல்லபடியாக முடிந்ததாகும். பாட்டியின் அறிவு, மண்ணின் வாசனை, இழந்த சொர்க்கம். வாரப் பத்திரிகைகள் இதைத்தான் விரும்பும். எனக்கு அது முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சட்டிக்கு எதிரில் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

ஆலங்குடிப் பக்கத்தில் எங்கள் அப்பத்தாவின் வீட்டில் அந்த மூலை இருந்தது. சட்டியில் ஒன்பது முட்டை, பத்து முட்டை என்று நான் எண்ணுவேன். கையை நீட்டினால், ‘அது அடைக்கு வச்சதுய்யா, தொடாதே’ என்ற குரல் வரும். அதில் கோபம் இருக்காது. அடைக்கு வைக்காத முட்டைகள் சந்தைக்குப் போயின. சந்தைக்குப் போகாதவை மாப்பிள்ளை வந்தால், அல்லது கண்ணேறு கழிக்க வேண்டியிருந்தால். எனக்காவது பையன் என்ற சலுகையில் காய்ச்சலுக்குப் பிறகு ஒன்று கிடைத்தது. என் வீட்டுப் பெண்களுக்கு முட்டை கிடைத்த சந்தர்ப்பம் அநேகமாக ஒன்றே ஒன்று: வயதுக்கு வந்த நாள்கள். பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கச் சொல்லி, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை அளந்து ஊற்றிக் குடிக்க வைத்து, அதற்கு மேல் உளுந்தங்களி. குமட்டக் குமட்ட அந்த நாள்களில் தந்ததை அதற்கு முன்னும் பின்னும் யாரும் தரவில்லை. பிள்ளை பெறப்போகும் உடம்பு என்பதால் அந்த முட்டை கிடைத்தது. யோசித்தால் அதுவும் அடைக்கு வைத்த கணக்குத்தான்.

இதுதான் அந்தச் சேமிப்பின் மறுபக்கம். நாட்டுக்கோழி வருஷத்துக்கு மூன்று நான்கு ஈடு, மொத்தம் ஐம்பது அறுபது முட்டைக்கு மேல் இடாது. அதில் ஒன்றைத் தின்பது ஒரு கோழியைத் தின்பதற்குச் சமம். எனவே தின்னக்கூடாது. பஞ்சாரத்தைச் சுற்றி வளர்ந்த குழந்தைகள் முட்டையைக் கண்ணால் பார்த்தே வளர்ந்தார்கள். நாளைக்கு என்று எடுத்து வைக்கிற ஒழுக்கம் எப்போதும் இன்றைக்கு ஒருவரின் வாயிலிருந்து எடுத்து வைக்கப்படுவதாகவே இருந்திருக்கிறது. எடுத்து வைத்தவளும் தின்னவில்லை என்பது உண்மை. அதனால் கணக்கு நேராகிவிடுவதில்லை.

இதை உடைத்தது எந்த இலக்கிய இயக்கமும் அல்ல, சமூக விமர்சனமும் அல்ல. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அப்போது சாப்பாட்டில் முட்டை இல்லை. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது. 1998-ல் வாரம் ஒன்று, 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் பள்ளி நாள் ஐந்துக்கும் ஐந்து. இந்த எண்களை அரசாங்க விளம்பரத்தில் படிக்கும்போது சலிப்பு வருவது இயல்பு. வீட்டுச் சட்டியின் எதிரில் வைத்துப் படித்தால் அர்த்தம் வேறு. சரித்திரத்தில் முதல் தடவையாக இந்தச் சீமையின் பெண்குழந்தை ஒன்று, யார் வீட்டுக் கோழியும் குறைந்துபோகாமல், யாருடைய சிறுவாட்டிலும் கைவைக்காமல், காய்ச்சலோ சடங்கோ இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் முட்டை தின்றது. வேக வைத்து அன்றைக்கே தட்டில் விழும் முட்டை. வீட்டுக்குள் சேமிப்பு என்ற கட்டமே இல்லாத முட்டை.

6

அந்த முட்டை நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வந்தது. வருஷத்துக்கு முந்நூறு என்ற விகிதத்தில் இடும் கோழி. சேவலைக் காணாத கோழி. எனவே முட்டைக்குள் உயிர் இல்லை. உயிர் இல்லாததால் சூட்டில் விழிக்கவும் எதுவுமில்லை. நாட்டு முட்டை தாங்காத வெயிலில் இது கூடச் சில நாள் தாங்கும். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, அடைக்காலம் முடிந்ததும் சேவலை விற்றுவிடுங்கள், முட்டை கெடாது என்று அரசாங்கம் விவசாயிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. வைத்திருக்கும் காலம் நீள வேண்டுமானால் உள்ளே இருக்கும் காலத்தை எடுத்துவிட வேண்டும். தண்ணீர்ப்பானை மூலைக்கும் நாமக்கல் லாரிக்கும் இடையிலான வித்தியாசம் முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் அடங்கும்.

காந்தி இதைக் கண்டுகொண்டார். ஆகாகான் மாளிகைச் சிறையில் 1942-ல் எழுதிய ஆரோக்கியம் பற்றிய நூலில், சேவல் சேராமல் இட்ட முட்டை குஞ்சாவதில்லை என்பதால், பால் குடிக்கிறவருக்கு அந்த முட்டையில் ஆட்சேபம் இருக்க முடியாது என்று வாதிக்கிறார். தர்க்கத்தில் பழுதில்லை. ஆனால் சித்தன்னவாசல் குகைக்குள் கல்படுக்கை வெட்டிக்கொண்டு படுத்த சமணத் துறவிகளுக்கும், அவர்களிடமிருந்தும் வேறு வழிகளிலும் புலால் மறுப்பை எடுத்துக்கொண்ட ஜாதிகளுக்கும் விஷயம் தர்க்கத்தோடு முடிவதல்ல. புதுக்கோட்டை நகரத்துச் சைவ வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து பாருங்கள். முட்டைக்கென்று குழிகள் போட்ட தட்டு இருக்கும். அதில் எலுமிச்சம்பழம் இருக்கும். கண் சொட்டு மருந்து இருக்கும். மிச்சமான மல்லிகைப்பூப் பொட்டலம் இருக்கும். எங்கோ வேறு வீட்டுக்காக வரையப்பட்ட ஒரு சாமான் உள்ளே வந்து, குழியைக் காலியாக விட மனமில்லாமல் நிரப்பப்படுகிறது. நம் நவீனத்துவத்தைப் பற்றி நாம் எழுதிய பல கட்டுரைகளைவிட இந்தத் தட்டு தெளிவாகப் பேசுகிறது.

முட்டை தின்கிற வீடுகளில் தட்டு நிரம்பியிருக்கிறது. ஆனால் கதவுதான் பெட்டியிலேயே சூடு ஏறி இறங்குகிற, திறக்கும்போதெல்லாம் குலுங்குகிற இடம். முட்டைக்கு ஆகாத இடம். அமெரிக்காவில் முட்டையைக் கழுவுகிறார்கள். கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெழுகுபோன்ற பூச்சு போய்விடுவதால் பிறகு குளிரிலேயே வைத்தாக வேண்டும். ஐரோப்பாவில் அந்தப் பூச்சே காவல் என்று கழுவாமல் வெளியில் வைத்து விற்கிறார்கள். இரண்டும் நிபுணர்கள் சொன்னதுதான். நம் வீடுகளில் கடையில் வெயில்பட அடுக்கியிருந்த முட்டையை வாங்கிவந்து குளிரில் வைக்கிறோம். யார் சொல்லி என்று தெரியாது. தட்டில் குழி இருக்கிறது, வைக்கிறோம். எது முந்தி வந்தது எது பிந்தி வந்தது என்று கரிக்கோடு போடுவதில்லை. எதற்காக வைக்கிறோம் என்ற கேள்வி போய், எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதை இழப்பு என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம் சட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பையன் குறுக்கே வருகிறான். அவனுக்குப் பதில் சொல்லாமல் அப்பத்தாவைப் புகழ எனக்கு உரிமையில்லை. அவனுக்குத் தட்டில் முட்டை விழுந்துவிட்டது என்பதால் அப்பத்தாவின் மூலையை மூடிவிடவும் மனமில்லை. அந்த மூலையில் ஒரு பெண் இந்த ஊரின் வெயிலையும் ஈரத்தையும் நாள்களையும் விரல்விட்டு எண்ணித் தன் வசத்தில் வைத்திருந்தாள். இன்று முட்டையின் விலை வேறெங்கோ தினமும் அறிவிக்கப்படுகிறது.

அப்பத்தாவின் கடைசி வருஷங்களில் பேத்தி ஒருத்தி சத்துணவு முட்டையைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். வேக வைத்தது என்று தெரிந்ததும் அப்பத்தா சிரித்துவிட்டு அவளையே தின்னச் சொன்னாள். பிறகு ஒரு தடவை கடையிலிருந்து ஐந்து பச்சை முட்டை வாங்கிவரச் செய்து, இரும்பும் கரியும் போட்டு, அடைக்கோழிக்குக் கீழே வைத்தாள். எங்கள் யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை. கோழி இருபத்தோரு நாளும் உட்கார்ந்தது. இருபத்திரண்டாம் நாள் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். ஐந்தும் கூமுட்டை.

குப்பைமேட்டில் போட்டுவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டு சொன்னாள்: ‘கோழி மேல குத்தமில்ல. இது திங்கிறதுக்குன்னே வந்த முட்டை. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒங்களுக்கெல்லாம் அவிச்சுக் குடுத்திருப்பேன்.’